களவு போகும் ஜாதகம்

கேள்வி: மகளுக்குக் கேம்பஸ் கிடைத்திருக்கிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று எல்லாம் கேட்கிறார்கள். இதெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து களவு போகாதா?
– ஒரு தாய், ஹாலிஎல

பதில்: முதலில் வாழ்த்துகள் அம்மா! போகலாம்தான். அவுஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழகத்துக்குள் 2018 இறுதியில் புகுந்தவர்களுக்கு 19 வருடத் தகவல்கள் எட்டின. ஊருக்குச் சொன்னது 2019 ஜூனில். தொடக்கம் ஒரு மின்னஞ்சல். அதில் எதையும் தட்டக்கூட இல்லையாம், முன்னோட்டம் பார்த்ததே போதுமாயிற்று. எட்டிப் பார்த்தாலே பிடித்துக்கொள்ளும் பேய்!

நமக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் போடலாம். முக்கிய பிரிவுகள் 2025 மார்ச்சில் அமலாகவிருந்தன, தள்ளிப்போட்டார்கள். கள்வர்கள் தவணை கேட்பதில்லை.

என் கவலையெல்லாம் பதுளை டவுன் போட்டோகொப்பிக் கடைதான். கோணலாக விழுந்த பிரதியைக் கையோடு கேட்டு வாங்குங்கள். நாளைக்கு அதில் வடை வரும். நம் அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த வருடமும், பிறந்தது அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே பிறந்த திகதியைப் பாஸ்வேர்டாக வைக்க வேண்டாமென்று மகளிடம் சொல்லுங்கள்.

இசட் புள்ளியோடு பெனர் கட்ட டியூஷன் சேர் வருவார். படம் கொடுங்கள், பெருமைதானே! பரீட்சைச் சுட்டெண்ணை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.