எட்டடிக்கு ஓர் அங்குலம்

எங்கள் ஊரான லிங்கியில் 'லேண்ட்ஸ்கேப்' என்ற சொல் நுழைந்ததே தோட்டம் போன பிறகுதான். சுற்றிலும் ரப்பர்த் தோட்டம் இருந்தவரை வீட்டுக்கு முன்னால் ஒரு தோட்டம் போட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. லயத்து வாசலில் ஒரு முருங்கை, கொல்லையில் கறிவேப்பிலை, வேலியில் பாகற்கொடி, அவ்வளவுதான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய்த் தாமான் குடியிருப்பு வந்தது. தாமான் வீட்டுக்கு முன்னால் இருபதடிக்குப் பதினைந்தடி மண்ணும் கிடைத்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் இவர் வந்து சேர்ந்தார்.

பெயர் எதற்கு? தாமானுக்கு ஒருவர் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் இவருக்கு 'கல்லு' என்றே பெயர். என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவர். முன்பணம் கொடுக்கும்வரை நான் அவரை 'டா' போட்டுத்தான் கூப்பிட்டேன். கொடுத்த மறுநாளே "வாங்க தம்பி, என்னைக்கு வேலைய ஆரம்பிக்கிறீங்க?" என்று என் வாய் தானாகத் திருந்திவிட்டது.

காதில் பென்சில், இடுப்பில் டேப், பாதிச் சாயம் போன லோரி. வந்து இறங்கியதும் இவர் அளக்க மாட்டார். தரையைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். முன்னால் வேலை செய்தவனைத் திட்டாமல் எந்த வேலையையும் தொடங்குவதில்லை.

"இத யாரு சார் செஞ்சது? நீரோட்டமே பார்க்கலையே படுபாவி!"

"நீதான்டா செஞ்ச. 2011ல."

"அப்ப சிமெண்டு சரியில்ல சார்." அரை விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

இவருக்குத் தொழில் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கே வயிற்றுவலி வரும் பையன், சிரம்பானில் ஒரு சீனத் தவுக்கேயிடம் கூலியாகச் சேர்ந்து முதல் வருஷம் மணல் சலித்தான், இரண்டாம் வருஷம் கலவை போட்டான், மூன்றாம் வருஷம்தான் கரணையைக் கையில் வாங்கினான். போன வருஷம் என் வாசலில் நூல் பிடித்து, ஒரு பக்கம் மூன்றடி, மறு பக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்தார். வந்தால் மூலைமட்டம் சரி. "இது பித்தாகரஸ் தேற்றமாச்சே தம்பி" என்றேன். "அது யாரு சார்? இது எங்க தவுக்கே கண்டுபிடிச்சது" என்றார். பாவம் பித்தாகரஸ், அவருக்குக் காண்ட்ராக்ட் கிடைத்திருக்காது.

இன்னொரு நாள் என்னையே கையாளாக்கிவிட்டார். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய், பத்து மீட்டர் இருக்கும். அதில் தண்ணீரை நிரப்பி, குமிழி ஒன்றுகூட நிற்காதபடி தட்டித் தட்டி வெளியேற்றினார். ஒரு முனையை கேட்டுத் தூணில் அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையைப் படிக்கட்டருகில் நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு முனையிலும் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் மட்டம். ரசமட்டம் இத்தனை தூரத்துக்கு எட்டாதாம். என் பக்கம் தண்ணீர் அசையவே இல்லை. நான் ஜாக்கிரதையாகக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டிருந்தேன்.

"விரலை எடுங்க சார். மூச்சுவிட்டாத்தான் தண்ணி உண்மை பேசும்."

முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த நான் அப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை.

இப்படிப்பட்டவருக்கு வேலை முழுக்க மனப்பாடம். வாசல் தளம் எட்டடிக்கு ஓர் அங்குலமாவது லொங்காங் வடிகால் பக்கம் சரிய வேண்டும். கார் நிற்கிற இடமென்றால் அடியில் நான்கு அங்குலம் கிரஷர் ரன் கொட்டி இறுக்க வேண்டும், அதன்மேல் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மணல், அதற்கும் மேல் அறுபது மில்லிமீட்டர் இன்டர்லாக்கிங் கல். ஓரத்தில் கான்கிரீட் கட்டாவிட்டால் கற்கள் கூட்டம் கலைகிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் நகரும். கான்கிரீட்டை ஏழு நாளாவது ஈரத்தோடு வைத்திருக்க வேண்டும். எல்லாம் சொல்வார், டீ ஆறுகிறவரைக்கும் சொல்வார். அதிலே ஒன்றைச் செய்யாமல் விட்டுவிடுவார்.

என் வீட்டில் விட்டது இறுக்குகிற வேலை. கம்பெக்டரை நாள் வாடகைக்கு எடுக்க வேண்டும். இவர் லோரியையே முன்னும் பின்னும் நாலு தடவை ஓட்டிவிட்டு, இறங்கி, காலால் இரண்டு மிதி மிதித்து, "கெட்டியாயிடுச்சு சார்" என்றார். மூன்றே மாதத்தில் என் காரின் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இரண்டு வாய்க்கால் உண்டாயிற்று. பக்கத்து வீட்டில் விட்டது நீரோட்டம், அங்கே தண்ணீர் லொங்காங்கை விட்டுவிட்டு வரவேற்பறைப் பக்கம் போகிறது. எதிர்வீட்டில் விட்டது ஓரக்கட்டு. நானும் ரொம்ப நாள் இதைச் சோம்பல் என்றுதான் நினைத்தேன். அது ஆராய்ச்சி. எதை விட்டாலும் தளம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு ஒன்றை விட்டுப் பார்க்கிறார். பள்ளிக்கூடம் நம் வாசல், கட்டணமும் நம்முடையது.

என் வீட்டுப் பின்பக்கத்து மேட்டுக்கு நாலடி உயரத்தில் தடுப்புச் சுவர் எழுப்பியபோது விட்டது தண்ணீர் வடிகிற கண்கள். சுவரின் அடியில் வரிசையாகக் குழாய்த் துண்டு வைத்து, பின்னால் ஜல்லி கொட்டினால் மண்ணில் ஊறிய தண்ணீர் அழுத்தாமல் வடிந்துவிடும். "கண் வச்சா அசிங்கமா இருக்கும் சார், பாசி வழியும்" என்றார். வருஷக் கடைசி மழையில் சுவர் வயிறு தள்ளியது. "எத்தனை மாசம் சார்?" என்று தாமானே விசாரிக்கிறது.

இவருடைய தாத்தன்மார் இதே வட்டாரத்தில் குன்றைச் சுற்றிப் படிப்படியாகத் தளம் வெட்டி, மழைத்தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாதபடி இடையிடையே குழி தோண்டி ரப்பர் நட்டவர்கள். "அவங்களுக்கு நீரோட்டம் தெரிஞ்சிருந்ததே தம்பி" என்றேன். "அவங்களுக்கு மேல நின்னு பார்க்க ஒரு துரை இருந்தான் சார். எனக்கு நீங்கதானே இருக்கீங்க" என்றார். இதற்கு என்ன பதில் சொல்ல?

அட்டையும் உண்டு இவரிடம். கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறவர் கட்டுமானத் தொழில் வாரியமான சிஐடிபியில் பதிந்து பச்சை அட்டை வைத்திருக்க வேண்டும், 1994ஆம் வருஷத்துச் சட்டம் அந்த வாரியத்தை உண்டாக்கியது. அந்த அட்டை லோரிக் கண்ணாடியில் சாமி படத்துக்கு அடுத்தபடியாக இருக்கிறது. இப்போது எஸ்கேஎம் திறன் சான்றிதழுக்கு ஆசை. பயிற்சிக் கல்லூரிக்குப் போகாமலே, செய்த வேலைகளுக்கு ஆதாரம் திரட்டிக் காட்டி அனுபவத்தின் பேரில் வாங்க வழி இருக்கிறது. அதற்காக ஒரு தடித்த கோப்பு சேர்த்திருக்கிறார். புரட்டிப் பார்த்தேன். பளபளவென்று வாசல்கள், பெபல் வாஷ் தளங்கள், கோய் மீன் குளங்கள். எல்லாமே வேலை முடிந்த அன்று எடுத்த படம். மழைக்குப் பிறகு எடுத்தது ஒன்றுகூட இல்லை.

சுவருக்கு முன்அனுமதி வாங்கவில்லையே என்றால் சண்டிகரைக் காட்டுவார். யூடியூபில் பார்த்தாராம். அங்கே நெக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், உடைந்த ஓடும் வளையலும் கொண்டு, அரசாங்க நிலத்தில் 1957 முதல் யாருக்கும் தெரியாமல் ஒரு பாறைத் தோட்டம் கட்டினார், 1976இல் அரசாங்கமே அதைத் திறந்து வைத்தது. உண்மைதான். ஆனால் நெக் சந்த் முன்பணம் வாங்கவில்லை.

ஒருநாள் அவரைப் பெங்காலான் கெம்பாஸுக்குக் கூட்டிப் போனேன். லிங்கியிலிருந்து பக்கம்தான். ஷேக் அகமது மஜ்னுன் என்பவரின் கல்லறை அங்கே இருக்கிறது, கல்வெட்டு அதன் காலத்தை 1467 என்று சொல்கிறது. பக்கத்தில் கத்தி, கரண்டி, சுக்கான் என்று ஊரார் பெயர் வைத்த நெடுங்கற்கள் நிற்கின்றன, அவை வளர்கின்றன என்றும் சொல்வார்கள். கல்லு நிஜமாகவே வாயைப் பிளந்தார். சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து அடியைப் பார்த்தார். "சிமெண்டு இல்ல, கம்பி இல்ல. எவ்வளவு ஆழம் எறக்கியிருப்பான் சார்?" அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்தது கலப்படமில்லாத மரியாதை. அதைப் பார்த்த பிறகு அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அங்கேயே துளையுள்ள கல் ஒன்றும் உண்டு. பொய் சொல்கிறவன் அதில் கையை நுழைத்தால் கல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை.

"கைய விட்டு, திங்கட்கிழமை வந்து சுவருக்குக் கண் வைக்கிறேன்னு சொல்லுங்க தம்பி."

இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "நேரமாச்சு சார், மணல் லோரி வந்திருக்கும்."

திரும்புகிற வழியில் டீ குடிக்கத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். முதல் தடவையாகப் போனேன். வாசலில் கல் இல்லை, டைல்ஸ் இல்லை, குளம் இல்லை. இருபதடிக்குப் பதினைந்தடியும் வெறும் மண். நடுவில் முருங்கை, ஓரத்தில் கறிவேப்பிலை, வேலியில் பாகல். முந்தின நாள் அத்தனை மழை பெய்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை.

"நமக்கெதுக்கு சார் சிமெண்டு? சூடு. செடி கருகிடும்."

புறப்படும்போது ஒரு முருங்கைக் கொப்பை வெட்டிக் கையில் கொடுத்தார், நட்டால் பிடித்துக்கொள்ளும் என்று. அது பத்து நாளாக எங்கள் வாசல் தூணில் சாய்ந்தபடி நிற்கிறது. நடுவதற்கு வீட்டில் ஒரு சாண் மண் இல்லை.