மூன்றாம் வரிசை இயல்: திருச்சுழிச் சீமையின் குடும்ப எஸ்யூவி பற்றி ஓர் ஆராய்ச்சி

நடுத்தரக் குடும்ப எஸ்யூவிக்கு இதுவரை இரண்டு இலக்கணங்கள் கிடைத்துள்ளன. ஒன்று ஜிஎஸ்டி கவுன்சில் செய்தது. மற்றொன்று அருப்புக்கோட்டை டீக்கடை செய்தது.

முன்னது 2023 ஜூலையில் வந்தது. நீளம் 4000 மில்லிமீட்டருக்கு மேல், என்ஜின் 1500 சிசிக்கு மேல், தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி. இந்த மூன்றும் இருந்தால் கம்பெனி என்ன பெயர் வைத்திருந்தாலும் செஸ் 22 சதவீதம் என்பது 2025 செப்டம்பர் வரை இருந்த சூத்திரம். இதில் 170ஐ அளக்க வேண்டியது சுமை ஏற்றாத நிலையில் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. சூத்திரம் செய்தவர்கள் மாசிக் களரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போகும் வண்டியைப் பார்த்ததில்லை என்பது இதனால் பெறப்படும். சுமை ஏற்றாத எஸ்யூவி எங்கள் பக்கம் ஷோரூம் யார்டில் மட்டுமே காணக் கிடைப்பது.

டீக்கடை இலக்கணம் சுருக்கமானது. ஒன்றியம் ஏறுவது ஸ்கார்பியோ. மாவட்டம் ஏறுவது ஃபார்ச்சூனர். இரண்டுக்கும் நடுவில், கட்சிக்கொடி இல்லாமல், பின் கண்ணாடியில் குலசாமி பெயரும் பிள்ளைகள் பெயரும் ஒட்டிக்கொண்டு போவது குடும்ப எஸ்யூவி. (ஒன்றியம், மாவட்டம் என்பன இங்கே நிலத்தைக் குறிக்கா, செயலாளர்களைக் குறிக்கும். ஆகுபெயர்.) இவ்விரண்டில் டீக்கடை இலக்கணமே பொருத்தமுடையது என்பது இக்கட்டுரையாளர் துணிபு. ஏனெனில் அதில் அளவுகோல் தேவையில்லை.

ஆய்வுக்களம் அருப்புக்கோட்டை தொடங்கித் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, பந்தல்குடி வரை. கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும். கண்மாய் இருக்கும்; பல வருஷம் கண்மாய்க்குள் தண்ணீருக்குப் பதில் சீமைக்கருவேலம் இருக்கும். பழைய இலக்கணப்படி இதைப் பாலை என்று வகுத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடித் தலைவன் போவதைப் பொருள்வயிற் பிரிவு என்றார்கள். எஸ்யூவி எடுத்த வீட்டில் தலைவன் இருந்த இடத்திலேயே இருக்கிறான், பொருள்தான் பிரிகிறது. மாதம் 5ஆம் தேதி வங்கிக்கணக்கை விட்டுக் கிளம்பும் அது, 84 டியூ முடியும்வரை திரும்பிப் பார்ப்பதில்லை.

தரவாளர்கள் பலதரத்தவர். தறி வைத்திருப்பவர், கரிமூட்டம் போடுபவர், மல்லிகைப்பூ வியாபாரி, ரோடு காண்ட்ராக்டர், மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணத்தில் வண்டி எடுத்த ரிட்டயர்டு வாத்தியார். எல்லாருக்கும் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு: பேசும்போது சாவி வளையத்தை ஆள்காட்டி விரலில் போட்டுச் சுற்றுவார்கள். சாவி கையில் இல்லாத ஒருவர்கூட வண்டியைப் பற்றிக் கருத்துச் சொன்னதாக முன்னாய்வுகளில் பதிவில்லை. இந்தக் குறையை முதலில் கண்டது நான்தான் என்பதைத் தன்னடக்கத்தோடு குறிப்பிட்டுவிட்டு மேலே போகிறேன்.

திருச்சுழி, 1879இல் ரமண மகரிஷி பிறந்த ஊர். ‘நான் யார்’ என்று விசாரிக்கச் சொன்னவர் பிறந்த ஊருக்குள் இன்று புது வண்டி ஒன்று நுழைந்தால் எழும் விசாரம் ‘யார் வண்டி?’ என்பது. விடை தெரிந்ததும் ‘எவ்வளவு?’, அதற்கடுத்து ‘லோனா, ரொக்கமா?’ அதோடு விசாரம் முற்றுப்பெறும். அதற்கு மேல் ஞானம் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

தோற்றம் பற்றிய விவாதம் 2011 செப்டம்பரில் மகிந்திராவின் எக்ஸ்யூவி ஃபைவ் டபுள் ஓ வந்த நாளிலிருந்து சூடு பிடித்தது. பாயப் பதுங்கும் சிவிங்கிப்புலியை மனத்தில் வைத்து வரைந்தது, கதவுக் கைப்பிடிகூட அதன் பாதம்போல இருக்கும் என்று கம்பெனி சொன்னது. இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனதாக 1952இல் அறிவித்துவிட்டார்கள். 2022இல் குனோ காட்டுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரும்வரை நம் காடுகளில் அது இல்லை; எங்களுக்குப் படத்தில்தான் தெரியும். ஆகவே எங்கள் தரவாளர்கள் தங்களுக்குத் தெரிந்த பிராணியை வைத்தே உரை எழுதினார்கள். “முட்டப் போற கிடாய் மாதிரி இருக்குண்ணே” என்பதே இன்றுவரை நிலைத்த பாடம். இது பாராட்டு என்பதை வெளியூர் வாசகர் அறிக.

இனி ஊகம். வானம் பார்த்த பூமியில் ஊகம் பொழுதுபோக்கல்ல, தொழில். ஐப்பசி மழை எந்தப் பக்கம் இறங்கும் என்று ஆவணியிலேயே சொல்லிப் பழகிய வாய், அடுத்த மாடல் எப்போது இறங்கும் என்பதையும் சொல்லும். “பொறு மாப்ள, தைக்குப் புது மாடல் வருதாம். முன்னாடி லைட்டே வேறயாம்.” எட்டயபுரம் தாண்டி நாலுவழிச் சாலையில் உடம்பெல்லாம் வரிக்குதிரை ஸ்டிக்கர் ஒட்டிய சோதனை வண்டி ஒன்றை, இப்படிச் சொல்கிறவருடைய சகலை பார்த்திருப்பார். சொல்கிறவரிடம் டிவிஎஸ் எக்ஸ்எல் மட்டும் இருக்கும். ஊகிப்பவரின் வண்டி சிறுக்கச் சிறுக்க ஊகம் பெருகும் என்பதை இத்துறையின் முதல் விதியாகக் கொள்ளலாம்.

பொறுத்திருக்க வைப்பதில் கம்பெனிகளும் சளைத்தவை அல்ல. 2012 தொடக்கத்தில் ஃபைவ் டபுள் ஓவுக்கு ஆள் அதிகம், வண்டி குறைவு என்றாகி, குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். சீட்டுக் கட்டியே கல்யாணம் முடிக்கும் அருப்புக்கோட்டை இதைக் கண்டு அதிசயப்படவில்லை. அதன் தம்பி செவன் டபுள் ஓவுக்கு 2021 அக்டோபர் 7ஆம் தேதி முன்பதிவு திறந்தபோது 57 நிமிஷத்தில் 25,000 பேர் பதிந்தார்கள். பிறகு உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு. சில வகைகளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருப்பு. மகள் கல்யாணத்துக்கென்று பதிந்த வண்டி வளைகாப்புக்கு வந்து சேர்ந்தது என்பாரும் உளர்.

ஊகக்காரர்கள் வெளிப்படையாக ஜெயித்தது ஒருமுறை. 2025 ஆகஸ்ட் 15 அன்று வரி குறையப் போகிறது என்று பிரதமர் செங்கோட்டையில் பேசினார். ஆடி கழியட்டும் என்று காத்திருந்தவர்கள் அன்றோடு இரண்டு கட்சியானார்கள். ஜாதகத்தை நம்பியவர் ஆவணி முதல் முகூர்த்தத்தில் டெலிவரி எடுத்து, ஜிஎஸ்டி 28ம் செஸ் 22ம் சேர்த்து 50 சதவீதம் கட்டினார். டீக்கடையை நம்பியவர் செப்டம்பர் 22 வரை டீ குடித்துக்கொண்டே இருந்துவிட்டு 40 சதவீதத்தில் எடுத்தார். இருவரும் இன்று எதிரெதிர் வீட்டில் குடியிருந்தால் என்ன ஆகும் என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மைலேஜ் என்பது பாடபேதங்கள் நிறைந்த பகுதி. ஒரே வண்டிக்குப் பத்து, பதினாலு, பதினெட்டு என மூன்று பாடங்கள் வழங்குகின்றன. அருப்புக்கோட்டை பங்கில் டேங்கை நிரப்பி, எலியார்பத்தி டோல்கேட் தாண்டி மதுரை வரை தனியாளாகப் போய், ஏசி போடாமல் திரும்பி வந்து மறுபடி நிரப்பி எடுத்த கணக்கு பதினெட்டு. இதை மூலபாடம் என்பர். மற்றவை எப்படி நுழைந்தன? ஏடெழுதுவோர் பிழை அல்ல. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே பாடம் மாறுகிறது. ‘இவனுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய வண்டி’ என்று முதுகுக்குப் பின்னால் பேசிய பங்காளி கேட்டால் பதினெட்டு. வங்கி மேனேஜர் கேட்டால் பதினாலு. ‘ஒருநாள் வண்டியக் குடுங்க மாமா, திருச்செந்தூர் போயிட்டு வந்துர்றோம்’ என்று வரப்போகும் மருமகன் கேட்டால் பத்து, அதிலும் “கிளட்ச் வேற லேசாத் தட்டுது” என்ற இடைச்செருகலோடு.

வண்ணப்பூச்சுக்கு வருவோம். இந்தச் சீமையில் ஓடிய எஸ்யூவியை அடையாளம் காண நம்பர் பிளேட்டில் டிஎன் 67 என்று படிக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் குனிந்து பார்த்தால் போதும். முன்கதவில் தொடங்கிப் பின்சக்கரம் வரை, மெல்லிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, நகத்தால் பிறாண்டியதுபோல. வலப்பக்கம் வழவழவென்று ஷோரூமில் எடுத்தபடி இருக்கும். காரணம் எளிது. திருச்சுழிக்கு உள்ளே போகும் கிளைச் சாலைகளில் எதிரே டவுன் பஸ் வந்தால் ஒதுங்க வேண்டியது இடப்பக்கம். இடப்பக்கம் தார் முடியும் இடத்தில் சீமைக்கருவேலம் கை நீட்டிக்கொண்டிருக்கும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய்வந்த மரம் அது. ஒரு எஸ்யூவிக்காக ஒதுங்காது. ஆகவே இடப்பக்கக் கீறல்களை எண்ணினால் ஒரு வண்டி எத்தனை பஸ்ஸுக்கு வழிவிட்டது என்று சொல்லிவிடலாம். கீறலே இல்லாவிட்டால் அதன் சொந்தக்காரர் மதுரையில் குடியிருக்கிறார், அல்லது பஸ்ஸைப் பின்னுக்குப் போகச் சொல்லும் செல்வாக்குள்ளவர். முதல் கீறலுக்குப் பேஸ்ட் போட்டுத் துணியால் தேய்ப்பார்கள். இரண்டாவதற்குப் பெருமூச்சு. மூன்றாவதிலிருந்து கணக்கில்லை.

முள் டயரிலும் ஏறும். டியூப்லெஸ் டயர் இதில் ஒரு தத்துவச் சிக்கலை உண்டாக்கியிருக்கிறது. டீக்கடை முன் வண்டியை நிறுத்தி இறங்கிய காண்ட்ராக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரில் மொட்டையாகத் தெரிந்த முள்ளின் தலையில் எச்சிலைத் தொட்டு வைத்து உற்றுப் பார்க்கிறார். குமிழி வரவில்லை. பிடுங்குவதற்கு விரல் போகிறது. பெஞ்சிலிருந்து ஒரே குரலாக எழுகிறது: “பிடுங்காதீங்கண்ணே! உள்ள இருக்கட்டும். இருந்தா ஒண்ணும் செய்யாது, எடுத்தாத்தான் காத்துப் போகும்.” அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொள்கிறார். கடன் விஷயத்திலும் இதே கொள்கையைத்தான் அவர் கடைப்பிடிக்கிறார் என்பது பெஞ்சுக்குத் தெரியும்.

சன்ரூஃப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பங்குனி வெயிலில் அதைத் திறக்கிறவன் கிடையாது. ஒழுகுமா என்ற ஐயம் ஐப்பசி கார்த்திகையில் மட்டும் எழும்; அதுவும் மழை பெய்தால்.

இப்போது ஆய்வின் மையத்துக்கு வருகிறேன். மூன்று வரிசை வண்டிக்குத் தமிழில் ஏற்கெனவே இலக்கணம் இருக்கிறது: தன்மை, முன்னிலை, படர்க்கை. முதல் வரிசை தன்மை. ‘நான் எடுத்தேன், நான் ஓட்டினேன்’ என்பதெல்லாம் இங்கிருந்து வருவது. இரண்டாவது முன்னிலை, கண்ணாடியில் பார்த்து “உங்களுக்கு ஏசி வருதா?” என்று கேட்கப்படுவோர் இடம். மூன்றாவது படர்க்கை. அங்கே இருப்பவர்களைப் பற்றிப் பேசுவார்கள், அவர்களோடு பேசமாட்டார்கள்.

களரி நாளன்று வண்டி ஏழு பேருக்கானது, ஏறுவோர் பத்துப் பேர். மூன்றாம் வரிசைக்குப் போக நடு சீட்டை மடக்க வேண்டும். மடக்கும் லீவர் எங்கே என்று சொந்தக்காரருக்கே தெரியாமல் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனைக் கூப்பிடுகிறார். சித்தி புடவையை இழுத்துச் சொருகி, முதலில் வலது காலை வைத்து, தலையைக் குனிந்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே போகிறார். “இந்தாங்க சித்தி, இதப் பிடிங்க” என்று பொங்கல் பானை பின்னாலேயே போகிறது. அடுத்துத் தேங்காய்ப் பை. அடுத்து இரண்டு பொடியன்கள். நேர்த்திக்கடன் கிடாய் தனியாகக் குட்டியானையில் வருகிறது, நின்றபடி, நாலு பக்கமும் காற்றோட்டமாக. முழங்கால் தாடையில் இடிக்க, பானையைக் கட்டிக்கொண்டு சித்தி ஜன்னலைத் தேடுகிறார். ஜன்னல் இருக்கிறது, திறக்காது. இது எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப் போவதில்லை. எல்லாக் கம்பெனிக்கும் ஒரு சித்தி உண்டு.

முன்னாலிருந்து சொந்தக்காரர் சொல்கிறார்: “பின்னாடி நல்ல இடம் இருக்கு. தாராளமா உக்காரலாம்.” அவர் அங்கே ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஆகவே உரிமையாளர் கருத்து என்று நாம் இதுவரை போற்றிவந்தது ஓட்டுநர் இருக்கையில் மட்டுமே கருத்து. மூன்றாம் வரிசைக்கு வரும்போது அதுவும் வரிக்குதிரை ஸ்டிக்கர் வண்டியைப் பார்த்த சகலையின் பேச்சைப்போல வெறும் ஊகமே. சாவி சுற்றும் விரல்களிடமே தரவு திரட்டியதால் இத்துறை இத்தனை காலம் வழிதவறியிருந்தது.

கோயிலில் இறங்கியதும் “எப்படி இருந்துச்சு சித்தி?” என்று கேட்டால், “நல்லாத்தான்ப்பா இருந்துச்சு” என்பார். அக்கா மகன் எடுத்த வண்டி. வேறென்ன சொல்ல முடியும்? இரவு வீட்டுக்குப் போய் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே மகளிடம் சொல்வார்: “அடுத்த வருசம் நான் டவுன் பஸ்ல வந்துர்றேன்டி. பொம்பளைகளுக்குக் காசும் கிடையாது, ஜன்னலும் திறக்கும்.” இந்த வட்டாரத்தில் குடும்ப எஸ்யூவி பற்றிக் கிடைத்துள்ள நம்பத்தகுந்த மதிப்புரை இது ஒன்றுதான்.

எனவே வண்டி எடுக்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது மைத்துனரை விட்டுவிட்டுச் சித்தியை அழைத்துப் போங்கள். மூன்றாம் வரிசையில் உட்கார வைத்து, மடியில் ஒரு பானையைக் கொடுத்து, நாலுவழிச் சாலைக்குப் போகாமல் திருச்சுழியிலிருந்து நரிக்குடி வரை ஓட்டுங்கள். இறங்கியதும் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள்; மறுநாள் காலையில் அவர் மகளுக்குப் போன் போடுங்கள்.