நாலு மணிப் பசிக்கு நல்ல பதில்

அலுவலகத்தில் சாயங்காலம் வரும் பசியை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உப்பு பிஸ்கட்டையும் சீஸையும் பற்றியே பேசின. கூடவே சந்தேகங்களும் வந்தன. அவற்றுக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: நாலு மணி ஆனால் கேன்டீன் சமோசா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அதற்குப் பதிலாக வீட்டிலிருந்து சீஸும் பிஸ்கட்டும் கொண்டுபோகலாமா? எப்படிச் செய்வது?
(ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

பதில்: தாராளமாகக் கொண்டுபோங்கள். அடுப்பு வேண்டாம், மிக்ஸி வேண்டாம், அலாரத்தை அரை மணி முன்னால் தள்ளவும் வேண்டாம். 25 கிராம் சீஸ் க்யூப் ஒன்று, உப்பு பிஸ்கட் ஆறு, ஒரு பிஞ்சு வெள்ளரிக்காய், ஒரு சிட்டிகை மிளகுத்தூள் போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, இல்லை, எடுத்த குளிர்ச்சியோடு க்யூபை ஆறு மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். குளிர் விட்டுப்போனால் சீஸ் கத்தியை விடாது. வெள்ளரியையும் அதே கனத்தில் நறுக்குங்கள். சாப்பிடும் நேரத்தில் பிஸ்கட் மேல் சீஸ், அதன் மேல் வெள்ளரி, அதன் மேல் மிளகுத்தூள்.

க்யூபில் சுமார் 5 கிராம் புரதமும் 80 கலோரியும் இருக்கும். பிஸ்கட்டுக்கு 100 கலோரி வையுங்கள். மொத்தம் 200-க்குள் கணக்கு முடிந்துவிடும். வெறும் பிஸ்கட் மைதாவும் எண்ணெயும்தான். சீக்கிரம் செரித்து மறுபடி பசிக்கும். சீஸில் உள்ள புரதமும் கொழுப்பும் மெதுவாகச் செரிப்பதால், வீடு போய்ச் சேரும்வரை தாங்கும்.

கேள்வி: காலையிலேயே அழகாக அடுக்கி எடுத்துப்போகிறேன். சாயங்காலம் திறந்தால் பிஸ்கட் நமத்துப் போயிருக்கிறது. டப்பா சரியில்லையா?
(வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: டப்பா நிரபராதி. அடுக்கிய நேரம்தான் தவறு. சீஸின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். பிஸ்கட்டிலோ நூற்றுக்குச் சில கிராம்தான். இரண்டையும் ஒரே மூடிக்குள் வைத்தால் ஈரம் உள்ள இடத்திலிருந்து காய்ந்த இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். எவ்வளவு இறுக்கமான மூடியாக இருந்தாலும் உள்ளே நடப்பதைத் தடுக்க முடியாது.

இரண்டு சின்ன டப்பா வாங்குங்கள். ஒன்றில் பிஸ்கட், இன்னொன்றில் சீஸும் வெள்ளரியும். மேஜையில் உட்கார்ந்த பிறகு அடுக்குங்கள். முன்கூட்டியே அடுக்கித்தான் ஆகவேண்டும் என்றால் பிஸ்கட் மேல் மெல்லிசாக வெண்ணெய் தடவிவிட்டு சீஸை வையுங்கள். கொழுப்பு ஈரத்தைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்தும். நாள் முழுக்கத் தடுக்காது.

நமத்த பிஸ்கட்டைத் தூக்கிப் போட வேண்டாம். தோசைக்கல்லைக் காயவைத்து, தீயைக் குறைத்து, எண்ணெய் இல்லாமல் ஓரிரு நிமிடம் புரட்டுங்கள். நன்றாக ஆறிய பிறகு சாப்பிடுங்கள். ஆறும்போதுதான் மொறுமொறுப்பு திரும்ப வரும்.

கேள்வி: பிஸ்கட்டில் ஏன் அத்தனை ஓட்டை?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: ஆவி வெளியேற. மாவில் இருக்கும் தண்ணீர் அடுப்புச் சூட்டில் ஆவியாகும். ஓட்டை இல்லாவிட்டால் பிஸ்கட் பூரி மாதிரி உப்பிவிடும். அப்புறம் அதன் மேல் சீஸை வைத்தால் நிற்காது. நீங்கள் மேஜையில் கொட்டாமல் சாப்பிடுவதற்கு அந்த ஓட்டைகள்தான் காரணம்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கூடத்தில் ஃப்ரிட்ஜ் கிடையாது. வேலூர் வெயிலில் சீஸ் தாங்குமா?
(ஆசிரியை, வேலூர்)

பதில்: எந்தச் சீஸ் என்பதைப் பொறுத்தது. கிரீம் சீஸ், புது மோட்சரெல்லா, பனீர் எல்லாம் ஈரம் மிகுந்தவை, சீக்கிரம் கெடுபவை. கெட்டுப்போகும் உணவை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான் என்று அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவு சொல்கிறது. உங்கள் ஊரில் வருடத்தின் பெரும்பகுதிக்கு அந்த ஒரு மணி நேரக் கணக்குதான் பொருந்தும்.

செடார் போன்ற கெட்டிச் சீஸும் பிராசஸ்டு சீஸும் அவற்றைவிடத் தாங்கும். சொல்லப்போனால் பிராசஸ்டு சீஸ் பிறந்ததே வெப்ப நாடுகளுக்கு அனுப்பத்தான். சுவிட்சர்லாந்தின் தூன் நகரத்தில் வால்ட்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஷ்டெட்லரும், கப்பலில் போனாலும் கெடாத சீஸ் வேண்டும் என்று முயன்று, 1911-இல் எமென்டால் சீஸை சோடியம் சிட்ரேட் உப்போடு சேர்த்து உருக்கி வெற்றி கண்டார்கள். வெறும் சீஸை உருக்கினால் எண்ணெய் தனி, புரதம் தனி என்று பிரிந்துவிடும். இந்த உப்பு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. 1916-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தன் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அவருடைய டின் சீஸ் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் போனது.

ஆனாலும் இன்று கடையில் வாங்கும் க்யூபின் உறையிலேயே குளிரில் வைக்கச் சொல்லியிருப்பார்கள். அதை மதியுங்கள். உறை பிரிக்காத க்யூபை, முந்தின இரவு ஃப்ரீசரில் வைத்த சின்னத் தண்ணீர் பாட்டிலோடு ஒட்டி ஒரு துணிப்பையில் சுற்றி எடுத்துப்போங்கள். நாலு மணிவரை காத்திருக்காமல் பதினொரு மணி இடைவேளையில் முடித்துவிடுங்கள். பாட்டிலில் உருகிய தண்ணீர் மதியத்துக்கு ஆகும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். சீஸ் சாப்பிடலாமா?
(கணக்காளர், மயிலாப்பூர்)

பதில்: பார்த்து வாங்கினால் சாப்பிடலாம். பாலைத் திரிக்க ரென்னெட் என்ற நொதி தேவை. பழைய முறையில் அதைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸுக்கு இன்றும் கன்று ரென்னெட்தான் விதி. நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாரிக்கும் ரென்னெட்டும் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. நம் ஊரில் விற்கும் பெரிய நிறுவனங்களின் சீஸ் அதில்தான் செய்யப்படுகிறது. உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் சீஸில் அந்தப் புள்ளி இருக்காது. அங்கே பொருள் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் வாயில் போட வேண்டும்.

கேள்வி: கடையில் சீஸ் அலமாரி முன்னால் நின்றால் தலை சுற்றுகிறது. எதை எடுப்பது?
(துணிக்கடை விற்பனையாளர், ஈரோடு)

பதில்: விளம்பரப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பால், உப்பு, நுண்ணுயிர், நொதி என்று சுருக்கமாக முடிந்தால் அது இயற்கைச் சீஸ். சீஸோடு குழைமமாக்கும் உப்புகள் சேர்ந்திருந்தால் பிராசஸ்டு சீஸ். அதையே தண்ணீர் கூட்டி இளக்கினால் ஸ்ப்ரெட். பட்டியலில் தாவர எண்ணெய் தலைகாட்டினால் அது பாலின் கொழுப்புக்குப் பதில் எண்ணெயை வைத்துச் செய்த மாற்றுப் பண்டம். சீஸ் விலை கொடுத்து எண்ணெய் வாங்காதீர்கள். பிஸ்கட்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, என்ன எண்ணெய் என்று எழுதியிருக்கும்.

கேள்வி: எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. சீஸும் உப்பு பிஸ்கட்டும் சாப்பிடலாமா?
(அரசு ஊழியர், நாகர்கோவில்)

பதில்: இந்த ஒரு கேள்விக்கு உங்கள் மருத்துவரின் பதில்தான் கடைசிப் பதில். அவரிடம் போகும்முன் தெரிந்துகொள்ள ஒரு கணக்கு சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சாப்பிடச் சொல்கிறது. பிராசஸ்டு சீஸ் பலவற்றில் 100 கிராமுக்கு 1 கிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. அப்படியானால் ஒரு சின்ன க்யூபிலேயே அரை கிராமுக்கு மேல் உப்பு வந்துவிடுகிறது. அதன்கீழே உப்பு பிஸ்கட், மேலே ஊறுகாய் என்று வைத்தால் மூன்று மாடிக்கும் உப்பு.

மருத்துவர் சரி என்றால், உப்பு குறைந்த கிராக்கரில் பாதி க்யூபை மட்டும் வைத்து, மிச்சத்தைத் தக்காளி, வெள்ளரியால் நிரப்புங்கள். உப்பின் குறையை மிளகும் எலுமிச்சையும் நன்றாகவே ஈடுகட்டும்.

கேள்வி: பால் குடித்தால் வயிறு உப்புசம். சீஸும் அப்படித்தானா?
(தையற்கலைஞர், திருப்பூர்)

பதில்: உப்புசத்துக்குக் காரணம் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை என்றால், பல மாதம் பதப்பட்ட செடார் உங்களுக்கு ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். லாக்டோஸில் பெரும்பகுதி பால் திரிந்த தண்ணீரோடு வடிந்துவிடும். மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். பிராசஸ்டு சீஸில் சில நேரம் பால் பவுடர் சேர்ப்பார்கள், உறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பால் புரதம் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் எந்தச் சீஸையும் தொடக்கூடாது.

கேள்வி: நாங்கள் கந்தோரில பிளேன்ரீயோட கிறீம் கிறேக்கர்தான் சாப்பிடுறனாங்கள். அதுக்கு மேல சீஸ் பொருந்துமோ?
(வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு)

பதில்: மற்ற எல்லோரையும்விட உங்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். கிறீம் கிறேக்கர் 1885-இல் டப்ளின் நகரத்தில் ஜேக்கப் நிறுவனம் கொண்டுவந்தது. ஆங்கிலேயர் ஆட்சி பரவிய ஊர்களுக்கெல்லாம் அதுவும் போனது. உங்கள் ஊரில் மலிபனும் மஞ்சியும், மலேசியாவில் ஜொகூர் மாநிலத்து ஹப் செங்கும் அதைத் தங்கள் ஊர்ப் பண்டமாகவே ஆக்கிவிட்டன. மாவைப் புளிக்கவைத்து, மடித்து மடித்துத் தேய்த்துச் சுடுவதால் அடுக்கடுக்காக நொறுங்கும். இனிப்பும் இல்லை, உப்பும் மிகையில்லை. உப்பான சீஸுக்கு இதைவிடத் தோதான அடித்தளம் கிடைக்காது. ஒரே ஒரு வேண்டுகோள்: தேநீரில் தோய்க்கிற கிறேக்கரும் சீஸ் வைக்கிற கிறேக்கரும் தனித்தனியாக இருக்கட்டும். முதலில் சீஸ் வைத்ததைச் சாப்பிடுங்கள், பிறகு தேநீரில் தோய்த்ததை.

கேள்வி: நம்ம ஊர் நாக்குக்குச் சீஸ் சப்பென்று இருக்கிறதே?
(ஃபவுண்டரி மேற்பார்வையாளர், கோயம்புத்தூர்)

பதில்: நம்ம ஊர் அலமாரியைத் திறந்தால் பிரச்சினை தீர்ந்தது. இட்லிப் பொடியைச் சீஸ் மேல் தூவிப் பாருங்கள். உளுந்தின் வறுத்த மணமும் சீஸின் கொழுப்பும் ஒன்றுக்கொன்று எடுத்துக்கொடுக்கும். கறிவேப்பிலைப் பொடியும் அப்படியே. தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைத்த புதினாத் துவையல் ஒரு விரல்நுனி அளவு போதும். பொடியிலும் துவையலிலும் உப்பு இருப்பதால் அன்றைக்கு உப்பில்லாத பிஸ்கட்டை எடுங்கள்.

இனிப்புப் பிடிக்கும் என்றால் பழுத்த கொய்யா ஒரு துண்டு. பிரேசிலில் கொய்யாப்பழ அல்வாவையும் வெள்ளைச் சீஸையும் சேர்த்து வைத்து, அந்த ஜோடிக்கு ரோமியோ ஜூலியட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பேரீச்சம்பழத்தைப் பிளந்து கொட்டையை எடுத்துவிட்டு சீஸை உள்ளே வைத்தாலும் அருமை. பச்சைப் பூண்டை மட்டும் வீட்டோடு விடுங்கள். பக்கத்து இருக்கைக்காரரும் மனிதர்தானே.

சீஸையும் உள்ளூரிலேயே தேடலாம். கொடைக்கானலிலும் குன்னூரிலும் ஆரோவில்லிலும் நல்ல சீஸ் செய்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் சாக்லேட்டோடு ஒரு துண்டு சீஸும் வாங்கி வாருங்கள்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள். இதைவிட வேர்க்கடலை மலிவு இல்லையா?
(ஷிஃப்ட் தொழிலாளி, ஓசூர்)

பதில்: மலிவு மட்டுமா, 25 கிராம் வேர்க்கடலையில் 6 கிராமுக்கு மேல் புரதம். க்யூபைத் தோற்கடித்துவிடும். சீஸ் ஜெயிக்கிற இடம் கால்சியம்: 25 கிராம் செடாரில் சுமார் 180 மில்லிகிராம் கிடைக்கும். ஆகவே வாரத்தில் இரண்டு நாள் சீஸ், மற்ற நாட்களில் வேர்க்கடலை, சுண்டல், அவல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் சீஸ் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று யாருக்கும் விதியில்லை. பர்ஸும் வாழும், உடம்பும் வாழும், அலுப்பும் தட்டாது.

கேள்வி: டப்பாவைத் திறந்ததும் நாலு கை நீளுகிறது. எனக்கு மிஞ்சுவது ஒரு பிஸ்கட். என்ன செய்ய?
(கால் சென்டர் ஊழியர், தாம்பரம்)

பதில்: இன்னொரு க்யூபும் இன்னும் ஆறு பிஸ்கட்டும் சேர்த்து எடுத்துப்போங்கள். நீளும் கைகளில் ஒன்று மதியம் சாப்பிடாத கையாக இருக்கலாம்; சம்பளத் தேதிக்கு முந்தின வாரம் அப்படிப்பட்ட கைகள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. செவ்வாய்க்கிழமை நீங்கள், வியாழக்கிழமை அவர்கள் என்று முறை வைத்துக்கொண்டால் செலவும் பங்காகும்.

வாசகர்கள் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: இன்று இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் பிஸ்கட்டை ஒரு டப்பாவிலும் வெள்ளரியை இன்னொன்றிலும் எடுத்து வையுங்கள், சீஸ் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். காலையில் மூன்றையும் பையில் போட மறக்காதீர்கள். பசித்த வயிற்றோடு நாலு மணிக்கு முடிவெடுத்தால் சமோசாதான் ஜெயிக்கும்; முந்தின இரவே முடிவெடுத்துவிடுங்கள்.