திட்டம் மலையேறிய கதை

அட்மின் மலைக்குப் பக்கத்தில் பிறப்பதில்லை. வேளச்சேரி, மேடவாக்கம் மாதிரி, மேடு என்றால் ஸ்பீட் பிரேக்கர் மட்டுமே என்கிற சமவெளிகளில்தான் அவர் உருவாகிறார். புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் களைப்பு, ஆன்லைன் மீட்டிங். மைக்கை அணைத்துவிட்டு, யாரோ போட்ட மேகம் மூடிய மலைப் படத்தைப் பார்க்கிறார். மீட்டிங் முடிவதற்குள் ஒரு வாட்ஸ்அப் குழு முளைத்துவிடுகிறது. பெயர் 'குரங்கணி காலிங்'.

யாரையும் கேட்காமலே பதினெட்டுப் பேரைச் சேர்ப்பார். அதில் ஒருவர் துபாய்க்குக் குடிபோய் வருஷமாகியிருக்கும். இன்னொருவர் அட்மினுடைய பழைய வீட்டு ஓனர், கைதவறிச் சேர்க்கப்பட்டவர். சேர்த்த பத்தாவது நிமிடத்தில் ஓனர் மட்டும் பொறுப்பாக, "நான் என்ன கொண்டுவர வேண்டும்?" என்று கேட்டிருப்பார். மற்ற எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

இந்தக் கட்டைவிரலுக்கு அட்மின் 'வருகிறேன்' என்று பொருள் எடுத்துக்கொள்கிறார். போட்டவர்கள் 'பார்த்துவிட்டேன், தொந்தரவு செய்யாதே' என்ற பொருளில்தான் போடுகிறார்கள். இது அட்மினுக்குத் தெரியவர இரண்டு மாதம் ஆகும். அதற்குள் எக்செல் தாள் தயாராகிவிடும். பெயர், ரத்தப் பிரிவு, சைவமா அசைவமா, ஷூ அளவு, குறட்டை உண்டா இல்லையா. குறட்டைக் கட்டத்தில் அத்தனை பேரும் 'இல்லை' என்றுதான் எழுதியிருப்பார்கள். மனைவிமாரிடம் தனியாக விசாரித்து அதைத் திருத்தி வைக்கும் அளவுக்கு அட்மின் நேர்த்தியான ஆள்.

அவருக்கு ஆள்களைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. மலையைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. அந்தக் குறையை நிரப்பத்தான் என்னை மாதிரி ஆள்கள் தேவைப்படுகிறார்கள்.

எனக்குக் குரங்கணிக்குப் பக்கத்தில், போடிநாயக்கனூரில் வீடு. இந்த ஒரே தகுதியில் பல குழுக்களுக்கு நான் 'லோக்கல் காண்டாக்ட்'. சித்தப்பா மருமகனின் நண்பன், தம்பியோடு வேலை பார்க்கிறவன் என்று எங்கிருந்தாவது ஒரு அட்மின் என் நம்பரைப் பிடித்துவிடுவார். "அண்ணே, சும்மா ஒரு டவுட்" என்று ஆரம்பித்தால் நாற்பது நிமிடம் போகும். அட்டை கடிக்குமா? மேலே சிக்னல் இருக்குமா? ராத்திரி எத்தனை டிகிரி? ஒருவர் வரைபடத்தை ஆராய்ந்துவிட்டுப் பரவசமாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, மலையில சென்ட்ரல் ஸ்டேஷன்னு ஒண்ணு காட்டுது. அப்ப நம்ம சென்னை சென்ட்ரல்ல ஏறினா அங்கேயே போய் இறங்கிடலாமா?"

"போடி வரைக்கும்தான் தம்பி ரயில். அங்கிட்டு நடைதான்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தச் சரிவுக்கு முதலில் பெரிதாகத் திட்டம் போட்டவர்கள் வைத்துவிட்டுப் போன பெயர் அது. தேயிலைக்கார வெள்ளையர்கள் மூணாறுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கோட்டகுடி அடிவாரத்தில் இறக்கி, போடி வழியாக அனுப்பினார்கள். நடுவழி நிலையம்தான் சென்ட்ரல் ஸ்டேஷன். 1924 வெள்ளம் வந்து அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. நிலையங்களின் பெயர் மட்டும் மலையில் தங்கிவிட்டது. சென்னையிலிருந்து போடிக்கு நேர் ரயில் 2023 ஜூனில்தான் வந்தது. வெள்ளி ராத்திரி ஏறினால் சனிக்கிழமை காலை போடி, ஞாயிறு ராத்திரி திரும்பினால் திங்கள் காலை ஆபீஸ். அட்மின்கள் பெருகியதற்கு அந்தக் கால அட்டவணையும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

எங்கள் ஊரில் மலையேற யாரும் திட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. தூக்குச்சட்டியில் சோறு, தலையில் கட்ட ஒரு துண்டு, அவ்வளவுதான். விடியுமுன் ஏலத்தோட்டத்துப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுவார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேச்சு அறுபடாது. பகலெல்லாம் ஏலக்காய் பறித்துவிட்டு வந்து ராத்திரிக்கு உலை வைப்பார்கள். இதை ஒரு அட்மினிடம் சொன்னேன். "வாவ், டெய்லி ட்ரெக்கிங்!" என்றார்.

கூடாரத்துக்கு வருகிறேன். அட்மின் கூடாரம் வாங்கிவிட்டார் என்றால் திட்டம் திரும்ப முடியாத கட்டத்தை எட்டிவிட்டது என்று பொருள். வீசி எறிந்தால் தானே விரியும் வகை. வீட்டு ஹாலில் வீசிப் பார்த்திருக்கிறார். சொன்னபடி இரண்டே நொடியில் விரிந்து, விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டது. மடிப்பது எப்படி என்ற வீடியோவை வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். மூன்று நாள் அதைச் சுற்றித்தான் நடமாடினார்கள். கூடாரத்துக்குள் உட்கார்ந்தே பிள்ளை வீட்டுப்பாடம் எழுதியது.

இவ்வளவு ஆன பிறகுதான் தேதி. மழை, வெயில், காடு இருக்கிற நிலைமை எதையும் வைத்து அட்மின் தேதி குறிப்பதில்லை.

"அண்ணே, மார்ச் ரெண்டாவது வாரம் லாக் பண்ணிட்டோம்."

"மார்ச்சுலயா? ஏன் தம்பி?"

"மார்ச்சோட லீவு லாப்ஸ் ஆயிடும்ணே."

"பர்மிஷன் வாங்கியாச்சா?"

"அதான் நீங்க இருக்கீங்கள்ல. லோக்கல்ல ஒரு ஆளைப் பிடிச்சு..."

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மகளிர் தினத்தை ஒட்டிய வார இறுதி. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு-திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழு. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்குகிற வழியில், காய்ந்த புல் சரிவில் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதற்கு முன்பே இருட்டில் மேலே ஏறி, தீக்காயப்பட்டவர்களைப் போர்வையில் கிடத்திச் சுமந்து இறங்கியவர்கள் குரங்கணி ஆட்களும் மலைவாசிகளும். அந்த ராத்திரி கேட்ட ஆம்புலன்ஸ் சத்தம் போடியில் யாருக்கும் மறக்கவில்லை. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. இதையெல்லாம் போனில் சொன்னேன். அட்மின் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தேதியை மாத்திடுறேண்ணே" என்றார். நல்ல பிள்ளைதான். கெட்ட அட்மினை நான் பார்த்ததில்லை.

தேதி டிசம்பருக்குப் போனது. ஆனால் அட்மினுக்கு உண்மையான அடி அரசாங்கத்திடமிருந்து வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்துவிட்டது. குரங்கணி-சாம்பலாறு அதில் ஒன்று. இணையத்தில் பெயர், வயது, அடையாள அட்டை கொடுத்துப் பணம் கட்டினால் முடிந்தது, வழிகாட்டியும் அவர்களே. காட்டுத்தீ காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, பாதைகளை மூடிவிடுகிறார்கள். அட்மின் இரண்டு மாதம் கண்விழித்துத் தயாரித்த எக்செல் தாளை அந்த இணையதளம் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டது. குறட்டையைப் பற்றி அது கேட்கவே இல்லை. அவருக்கு மனசு விட்டுப்போனது.

"காட்டுக்குள்ள நைட் ஸ்டே கிடையாதாம்ணே. கூடாரம் வாங்கிட்டேனே."

"நம்ம வீட்டு மொட்டை மாடியில போட்டுக்கங்க."

பேச்சுக்குச் சொன்னது. அவர் அதையும் எக்செல்லில் ஏற்றிவிட்டார்: 'பேஸ் கேம்ப், போடி.'

பதினெட்டில் வந்தவர்கள் ஐந்து பேர். ஒருவருக்குக் கடைசி நேரத்தில் மாமியார் ஊரில் கிடாவெட்டு, ஒருவருக்கு முட்டிவலி, ஒருவர் சென்ட்ரல் வரை வந்து, ரயில் எழும்பூரில் என்று நினைத்துக்கொண்டு அங்கே போய்விட்டார். அறுபது தாண்டிய வீட்டு ஓனர் மட்டும் மப்ளர், டார்ச், எலுமிச்சை ஊறுகாயுடன் முதல் ஆளாக இறங்கினார். என் மனைவி வடகம் காயப்போட்டிருந்த பாயை ஒதுக்கிக் கூடாரத்துக்கு இடம் கொடுத்தாள். ராத்திரி அதற்குள் மூன்று பேரும் ஊர்க் கொசு முழுவதும் தங்கின. குறட்டைக் கட்டத்தில் அட்மின் தன் பெயருக்கு நேரே 'இல்லை' என்று போட்டிருந்தது பொய் என்பதைத் தெருவே அறிந்தது.

மறுநாள் காலை குரங்கணி. வழிகாட்டியாக முதுவர் பழங்குடிப் பையன் ஒருவன் வந்தான், காலில் சாதாரணச் செருப்பு. அட்மின் விசில், திசைகாட்டி, உயரம் காட்டும் கடிகாரம், கயிறு, இரண்டு கைத்தடி, மார்பில் தண்ணீர்க்குழாய் என்று ஆயத்தமாக நின்றார். ஆளெண்ணிக்கை சரிபார்க்க விசிலை எடுத்து வாயில் வைத்தார்.

"சார், அது வேணாம். காட்டுமாடு நிக்கும்" என்றான் பையன்.

விசில் பைக்குள் போனது. கயிற்றுக்கு வேலை வரவில்லை. முதல் மேட்டிலேயே அட்மின் இளைத்துப்போய், இயற்கையை ரசிப்பதற்காக நிற்பதாகச் சொன்னார். அடிக்கடி ரசித்தார். ஒவ்வொரு தடவையும் பையன், "இன்னும் கொஞ்ச தூரம்தான் சார்" என்றான். மலைவாசிகள் வாயில் இந்தக் 'கொஞ்ச தூரம்' எங்கே முடியும் என்பதற்கு இதுவரை யாரும் கணக்கு வைக்கவில்லை. ஓனர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாடகை வசூலுக்குப் போகிற நிதானத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

சாம்பலாற்றுத் தண்ணீரில் காலை வைத்ததும் அட்மினுக்கு உயிர் வந்தது. பையனை விசாரிக்க ஆரம்பித்தார். அவன் கடலைப் பார்த்ததில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"கவலைப்படாத தம்பி. மெட்ராஸ்ல நான் இருக்கேன். பிளான் பண்ணிடலாம்."

அடிவாரத்தில் சிக்னல் கிடைத்த இடத்திலேயே புதுக் குழு: 'மெரினா வீக்கெண்ட்'. பழைய ஆள்களோடு பையனையும் ஓனரையும் சேர்த்தார், கைதவறி என்னையும். அன்று ராத்திரி, பாதி மடிந்த கூடாரம் ஒரு பெர்த் முழுவதையும் பிடித்துக்கொள்ள, ரயிலில் நின்றுகொண்டே ஓட்டெடுப்பு தொடங்கினார்: எந்தச் சனிக்கிழமை? தொப்பி யார் பொறுப்பு? அலையில் கால் நனைப்பவர்கள் மாற்றுடை எடுத்துவர வேண்டுமா?

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பையன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போடியில் ரயிலேறினான். புதன்கிழமை கடலைப் பார்த்தான். ஓனர்தான் வந்து அழைத்துப்போய் சுண்டல் வாங்கிக் கொடுத்தாராம். அன்று ராத்திரியே போடி ரயில் பிடித்து வியாழன் காலை ஊர் திரும்பி, தோட்டத்துக்கும் போய்விட்டான். குழுவில் ஓட்டெடுப்பு இன்னும் முடியவில்லை. நேற்று பார்த்தபோது முதல் சனிக்கு நான்கு, மூன்றாம் சனிக்கு மூன்று, கட்டைவிரல் பதினொன்று.