கோப்பையைவிட மற்றதையெல்லாம் அதிகம் ஜெயித்த நெட்டையர்

யார் என்ன குறை சொன்னாலும் அதே விஷயத்தில் சாதனை படைத்துக் காட்டிவிட்டு, கோப்பையை மட்டும் பெரும்பாலும் பாஸ்டன்காரர்களுக்குத் தாரை வார்த்தவர் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லைன்.

1936-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். வளர்ந்தார். வளர்ந்துகொண்டே இருந்தார். ஏழடி ஓரங்குலத்தில்தான் நின்றது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் சேரும் சமயத்திலேயே கூடைப்பந்து விதிகள் எழுதுகிறவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. ஃப்ரீ த்ரோ என்றால் கூடையிலிருந்து பதினைந்தடி தள்ளி, கோட்டுக்குப் பின்னால் நின்று, யாரும் மறிக்காமல் பந்தைப் போடுவது. இந்த மனிதரோ அந்தக் கோட்டருகிலிருந்தே ஒரு தாவு தாவி, பந்தைக் கூடைக்குள் வைத்துவிட்டு வருவார் என்று பேச்சு. உடனே, பந்து வளையத்தைத் தொடும்வரை எறிந்தவர் கோட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பிற்பாடு தொழில்முறை லீக்கான என்பிஏவும் தன் பங்குக்கு, 1964-ல், கூடைக்கு முன்னால் இருக்கும் பகுதியை 12 அடியிலிருந்து 16 அடியாக அகலப்படுத்தியது. அதற்குள் மூன்று விநாடிக்கு மேல் தங்கக் கூடாது என்பதால், இவரைக் கொஞ்சம் எட்ட நிறுத்தலாமே என்ற நல்லெண்ணம்தான்.

1957 கல்லூரி இறுதிப் போட்டியில் வடக்கு கரோலினா பயிற்சியாளர் ஃபிராங்க் மெக்குவயர் செய்த குறும்பு, சட்டத்தைவிட நன்றாக வேலை செய்தது. ஆட்டம் தொடங்கும்போது நடுவர் மேலே எறியும் பந்தைத் தட்ட, ஒவ்வோர் அணியிலும் இருப்பதிலேயே உயரமான ஆளை அனுப்புவது வழக்கம். மெக்குவயர் அனுப்பியது டாமி கெர்ன்ஸை. உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். பந்து அவர் கைக்கு வராது என்று அவருக்கும் தெரியும், அரங்கத்துக்கும் தெரியும். ஏழடிக்காரரைக் கொஞ்சம் அசட்டுத்தனமாக உணரவைத்தால் போதும் என்பது கணக்கு. ஆட்டம் மூன்று முறை கூடுதல் நேரத்துக்குப் போய், 54-53 என்று கான்சாஸ் தோற்றது.

ஒரு வருடம் பாக்கி இருக்கும்போதே கல்லூரிக்குக் கும்பிடு போட்டார். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கும்வரை சேர்க்க மாட்டோம் என்றது என்பிஏ. சரி என்று ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸில் சேர்ந்துகொண்டார். விளையாட்டும் கோமாளித்தனமும் சரிபாதி கலந்த ஊர்சுற்றும் கோஷ்டி அது. தோற்பது என்பதே அநேகமாகக் கிடையாது. பின்னால் வரப்போவதை நினைத்தால், அவர் அங்கேயே இருந்திருக்கலாம்.

1959-ல் ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ். முதல் வருடமே ஆட்டத்துக்குச் சராசரி 37.6 புள்ளி, சிறந்த புதுமுகம், சிறந்த வீரர் இரண்டு பட்டமும். அந்தக் கையோடு, எல்லோரும் என்னை அடிக்கிறார்கள், நான் ஓய்வு பெறுகிறேன் என்று அறிவித்தார். பிறகு மனசு மாறித் திரும்பி வந்தார்.

எதிரே பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல். களத்தில் பரம வைரி, வெளியே சிநேகிதர். நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு வில்ட் வீட்டுக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் களத்தில் அவரையே தோற்கடித்துவிட்டுப் போவார். 1960-ல் அதே பண்டிகை நாளன்று ரஸ்ஸலுக்கு எதிராகவே வில்ட் 55 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) பிடித்தார். இன்றுவரை ஒரே ஆட்டத்தில் யாரும் அதைத் தொடவில்லை. ஜெயித்தது செல்டிக்ஸ். 1965-ல் வில்ட்டுக்கு ஒரு லட்சம் டாலர் சம்பளம் என்று கேள்விப்பட்டதும், ரஸ்ஸல் தனக்கு ஒரு லட்சத்து ஒரு டாலர் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஒரு டாலரில் இருக்கிறது முழுக் கதையும்.

இனி அந்தப் புகழ்பெற்ற ராத்திரி. 1962 மார்ச் 2, இடம் ஹெர்ஷி. சாக்லேட் கம்பெனி உருவாக்கிய ஊர் அது. வில்ட் முந்தைய இரவை நியூயார்க்கில் தூங்காமல் கழித்துவிட்டு ரயிலேறி வந்திருந்தார். அரங்கத்தில் இருந்த விளையாட்டுத் துப்பாக்கிகளால் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தவர், அதே வேகத்தில் களத்துக்கு வந்துவிட்டார். பார்வையாளர்கள் 4,124 பேர். டிவி கிடையாது. எதிரணி நியூயார்க் நிக்ஸ். கடைசிக் கட்டத்தில், பந்து வில்ட்டிடம் போய்விடக் கூடாதென்று நிக்ஸ்காரர்கள் மற்ற வாரியர்ஸ் ஆட்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்ய, பந்தைத் திரும்ப வாங்குவதற்காக வாரியர்ஸ்காரர்கள் நிக்ஸை ஃபவுல் செய்ய, கூடைப்பந்து கிட்டத்தட்டக் கபடியாகிவிட்டது. வில்ட் 100 புள்ளி. ஆட்டம் 169-147. ஹார்வி பொல்லாக் என்பவர் ஒரு தாளில் 100 என்று கிறுக்கி வில்ட் கையில் கொடுக்க, எடுத்த படம்தான் நமக்கு மிஞ்சியது. முடிந்ததும் யாருடன் நியூயார்க் திரும்பினார் தெரியுமா? சற்றுமுன் நூறு வாங்கிக் கட்டிக்கொண்ட நிக்ஸ் ஆட்களுடன், ஒரே காரில்.

அந்தப் பருவம் முழுக்க அவர் சராசரி 50.4 புள்ளி. சிறந்த வீரர் பட்டம் யாருக்கு? ரஸ்ஸலுக்கு.

சுயநலக்காரர், பாஸ் கொடுக்க மாட்டார் என்றார்கள். ஃபிலடெல்ஃபியா 76ர்ஸுக்கு வந்து, 1967-ல் பயிற்சியாளர் அலெக்ஸ் ஹேனம் சொன்னபடி குறைவாக எறிந்து முதல் கோப்பையை வாங்கினார். அத்தோடு விட்டாரா? அடுத்த பருவத்தில் மொத்தம் 702 அசிஸ்ட் (சகவீரர் கூடையில் போட உதவும் பாஸ்) கொடுத்து அதிலும் லீக்கிலேயே முதலிடம். அதே வருடம் செல்டிக்ஸுக்கு எதிரான தொடரில் 3-1 என்று முன்னிலை; கடைசியில் ஏழாவது ஆட்டம் வரை வந்து நின்றது. அதன் இரண்டாம் பாதி முழுக்க வில்ட் கூடையை நோக்கி எறிந்ததே இரண்டு தடவை. பாஸ் கொடுக்கச் சொன்னீர்கள், கொடுத்தேன்! 76ர்ஸ் தோற்றது. இப்படிப்பட்ட கீழ்ப்படிதலை மாமியார் வீட்டு மருமகளிடம்தான் பார்க்க முடியும்.

அடுத்துப் போன லேக்கர்ஸ் அணியில், 1969-ல் செல்டிக்ஸுக்கு எதிரான இறுதித் தொடரில் இதைவிட வேடிக்கை. ஏழாவது ஆட்டத்துக்கு முன்பே முதலாளி ஜாக் கென்ட் குக் வெற்றிக் கொண்டாட்டத்துக்காக அரங்கத்தின் கூரையில் பலூன்களைக் கட்டித் தொங்கவிட்டார். ரஸ்ஸல் அண்ணாந்து பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது. முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்த வில்ட், கொஞ்ச நேரத்தில் திரும்பி ஆடுகிறேன் என்று கேட்டும் பயிற்சியாளர் விடவில்லை. 108-106. பலூன்கள் கீழே வரவேயில்லை. வில்ட் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டதாக ரஸ்ஸல் பேசப்போக, சிநேகிதர்கள் இருவரும் இருபது வருடத்துக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. 1972-ல் லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டம் ஜெயித்துக் கோப்பை வாங்கியதும், அதில் வில்ட் கைக் காயத்தோடு ஆடியதும், பாவம், பலூன் கதை அளவுக்கு எடுபடவில்லை.

ஓய்வுக்குப் பின் வாலிபால், அர்னால்டோடு ஒரு கோனன் படம், 1991-ல் ஒரு புத்தகம். தன் வாழ்வில் வந்துபோன பெண்கள் இருபதாயிரம் பேர் என்று அதில் எழுதினார். இந்த ஒரு எண்ணுக்கு மட்டும் ஸ்கோர் ஷீட் கிடையாது.

எனக்கு உறுத்துவது ஃப்ரீ த்ரோதான். ஹெர்ஷியில் 32-க்கு 28 போட்டார், இரு கைகளாலும் கீழிருந்து வீசி. அப்படி வீசுவது பெண்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று கூச்சப்பட்டுப் பிறகு விட்டுவிட்டார். அது தப்பு என்று சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டார். பதினாலு பருவங்களில் அவர் பிடித்த ரீபவுண்ட் 23,924. தவறவிட்ட ஃப்ரீ த்ரோ 5,805. இரண்டிலும் என்பிஏவில் இன்றும் அவரே முதலிடம்.