ஆயில் ஃபில்டர் முறுக்கியல்: சாத்தாங்காட்டுக் கொள்கைகள் பற்றி ஓர் ஆராய்ச்சி

இரும்பை டன் கணக்கில் எடைபோட்டு விற்கும் ஊரில், ஆயில் ஃபில்டருக்குக் கைமுறுக்கே போதும் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். வடசென்னையின் சாத்தாங்காட்டில் சி.எம்.டி.ஏ. அமைத்த இரும்பு எஃகு அங்காடிக்கு வரும் டிரெய்லர்களின் வீல் நட்டை, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி அதன்மேல் ஆளே ஏறி நின்று இறுக்குவார்கள். லாரிக்கு அது சரி. அதே வீரம் மாருதி காரின் ஃபில்டர் வரை இறங்கி வந்ததே இவ்வாய்வுக்குக் காரணம்.

சித்தாந்த நூல்களின் மரபுப்படி முதலில் பரபக்கம், அதாவது பிறர் கொள்கையும் அதன் மறுப்பும்.

முதல் சாரார் வன்முறுக்கர். 'இன்னும் ஒரு சுத்து' என்பது இவர்களின் மூலமந்திரம். சங்கிலி ஸ்பேனர் ஆயுதம். எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது தகர டப்பா அன்று, அதன் வாயில் பதிந்த ரப்பர் வளையம் என்பதை இவர்கள் அறியார். அளவு மீறி நசுக்கினால் வளையம் பிதுங்கிக் கெடும். அடுத்த சர்வீஸில் ஃபில்டர் அசையாது. ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே குத்தித் திருப்பினால் தகரம்தான் கிழியும். சங்கிலி விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கு முன்னனுபவம் உண்டு. பக்கத்துத் திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை மீறிய சுந்தரர் பார்வை இழந்தார் என்கிறது பெரியபுராணம். வன்முறுக்கர் இழப்பது ஃபில்டரை மட்டுமே.

இரண்டாம் சாரார் பசைவாதிகள். எங்கே ரப்பரைக் கண்டாலும் அனபாண்ட் தடவுவார்கள். இங்கே அது வேண்டாத வேலை. பிதுங்கி உள்ளே போகும் பசைத் துணுக்கு எண்ணெய் வழியை அடைக்கக்கூடும்.

மூன்றாம் சாரார் காருக்கு அடியில் அட்டை விரிப்பவர்கள். கசியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கொள்கை. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளிய கரை இது. ஆகவே இவர்களைத் தனித்துக் குறை சொல்ல முடியவில்லை.

இனிச் சுபக்கம், அதாவது நம் கொள்கை. புது ஃபில்டர் போட்டதும் எண்ணெய் கொட்டினால், தளர்வாக முறுக்கியதாகவே எல்லோரும் நினைப்பர். முதலில் சந்தேகிக்க வேண்டியது பழைய வளையத்தை. வெந்து வெந்து அது இன்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஃபில்டர் மட்டும் கழன்று வரும். கவனிக்காமல் புதியதை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம். ஐடிலில் ஒழுங்காகத்தான் இருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பவுண்டுக்குச் சற்று மேல். ஓடும் இன்ஜினில் எண்ணெயின் அழுத்தம் பெரும்பாலும் அதையும் தாண்டும். மணலி ரோட்டில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வளையம் வழுக்கி வெளியே வர, சேம்பரில் உள்ள எண்ணெய் சில நிமிடங்களில் சாலைக்குப் போய்விடும். ஏற்கெனவே எண்ணெய் படிந்த சாலை என்பதால், 'அது முன்னால போன லாரியோடது' என்று வாதாட மட்டும் வசதி உண்டு.

முறை இதுதான். கழற்றிய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் முகத்தை வேஸ்ட் துணியால் துடைத்து, புது வளையத்தில் விரலால் புது எண்ணெய் தடவ வேண்டும். காய்ந்த ரப்பர் இழுபட்டு முறுகும். மரை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துக் கையால் திருப்பி, வளையம் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று. சில கம்பெனிகள் முழுச் சுற்று கேட்கும். டப்பாவில் அச்சிட்டிருப்பதே பிரமாணம். சில ஃபில்டர்களின் தலையில், சுற்றை எண்ணுவதற்கென்றே இலக்கங்கள் இருக்கும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்து, நிறுத்திச் சற்றுப் பொறுத்து ஸ்டிக்கில் அளவு பார்க்க வேண்டும். புது ஃபில்டர் கொஞ்சம் எண்ணெயைக் குடித்திருக்கும்.

இம்முடிவை மறுக்க விரும்பும் வன்முறுக்கர், முதலில் தம் ஃபில்டரைக் கழற்றி வளையங்களை எண்ணிவிட்டு எழுதலாம். இரண்டு இருந்தால் மறுப்பு ஏற்கப்படமாட்டாது.