மரநாய்க்கு எந்தப் பந்தி?

கேள்வி: எங்கள் லயத்துக் கூரையில் குடியிருக்கும் மரநாய் கோழிக்குஞ்சையும் பிடிக்கிறது, கித்துள் பழத்தையும் தின்கிறது. மகளின் பாடப் புத்தகத்தில் உள்ள தாவரவுண்ணி, ஊனுண்ணி, அனைத்துமுண்ணி என்ற மூன்று வகையில் இது எதில் சேரும்?
– ஒரு வாசகி, டிக்கோயா

பதில்: ‘அனைத்துமுண்ணி’ என்று எழுதச் சொல்லுங்கள், புள்ளி கிடைக்கும். ஆனால் விலங்கியலில் மரநாய் சேர்ந்திருக்கும் வரிசைக்கு ஊனுண்ணிகள் என்றுதான் பெயர்! அது பல்லையும் பரம்பரையையும் பார்த்து வைத்த பெயர், சாப்பாட்டைப் பார்த்து அல்ல. மூங்கிலே கதியென்று கிடக்கும் பாண்டாவும் அதே வரிசைதான். மரநாய் பழத்தைச் செரித்து, விதையைக் காடெங்கும் போட்டுவிட்டுப் போகிறது. கோழிக்கூட்டை இறுகப் பூட்டுங்கள், அதை விரட்டாதீர்கள்.

அசல் ஊனுண்ணியைப் பார்க்க வேண்டுமா? உங்கள் தேயிலை மலைகளிலேயே சிறுத்தை நடமாடுகிறது. மரை, கேளையாடு, முள்ளம்பன்றி, சமயத்தில் நாய் என்று எல்லாமே இறைச்சிதான். அதன் உறவான பூனைக்கும் புலிக்கும் இனிப்புச் சுவையே தெரியாது. உங்கள் சீனி போட்ட பிளேன்டியை அவை சீண்டாது.

எதையும் விடாதது காட்டுப்பன்றி: கிழங்கு, மண்புழு, முட்டை, செத்த உடல். அதைப் பிடிக்க வைக்கும் கம்பிச் சுருக்கு, வருவது யாரென்று பார்ப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்துபோனது. இலங்கையில் கருஞ்சிறுத்தை மிக அரிது. அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை. அப்படியொரு கம்பி கண்ணில் பட்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள்.